வைத்தியர் கைவிட்ட சாட்சி

என் அத்தான் வேதமுத்து பாளையங்கோட்டைக்காரர். மங்கோலியாவில் நம் தூதரகத்தில் எழுத்தராக இருந்தபோது, கணையம் வீங்கிச் சாகக் கிடந்தார். ஆபரேஷன் செலவை அரசாங்கம் கொடுத்தது. பிழைத்து, ஓய்வு பெற்று ஊர் வந்ததும் சபையின் மாத இதழில் சாட்சி எழுதி, ஆலயத்திலும் வாசித்தார்: "வைத்தியர்கள் கைவிட்டார்கள். கர்த்தர் ஒருவரே குணமாக்கினார்."

எங்கள் பக்கத்தில் சாட்சி என்றால் வைத்தியர்கள் கைவிட்டே ஆக வேண்டும். சளிக்காய்ச்சலுக்கு ஊசி போட்டவர்கூடக் கைவிட்டவர்தான்.

அந்தச் சமயம் பார்த்து வெளியுறவுத் துறையின் டெல்லி அலுவலகம், ஆபரேஷன் செலவுக் கணக்கை முடிக்க, குணமடைந்ததற்குச் சான்று கேட்டது. அத்தான் பெருமையோடு அந்த இதழையே அனுப்பினார். அங்கே தமிழ் தெரிந்த யாரோ அதைப் பிசகில்லாமல் மொழிபெயர்த்துவிட்டார். பதில் வந்தது: மருத்துவமனை குணப்படுத்தவில்லை என்று ஊழியரே ஒப்புக்கொள்வதால், கொடுத்த தொகை ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடிக்கப்படும், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம்.

அக்கா சாலோமி வெடித்தாள். "அந்தப் பொம்பள டாக்டர் ராத்திரி பூரா நம்ம பக்கத்துலயே நின்னா. அவ கைவிட்டான்னு எழுத எப்படி மனசு வந்திச்சு?"

"சாட்சின்னா அப்படித்தானட்டி எழுதுவாவ."

"அப்பம் பென்ஷனையும் கர்த்தர்ட்டயே வாங்கிக்கிடுங்க."

பென்ஷன் போவதைவிட, ஆலயத்தில் எழுந்து நின்று வாசித்தது பொய்யோ என்பதுதான் அத்தானை அரித்தது. குருவானவரிடம் போனார்.

"வைத்தியர் மூலமா கர்த்தர் குணமாக்கினார்னு மாத்திக்கிடும் வே. ரெண்டு பேருக்கும் மரியாதை," என்றார் அவர்.

அத்தான் மாற்றி எழுதி அனுப்பினார். டெல்லி விடவில்லை. குணமானதில் மருத்துவரின் பங்கு எத்தனை விழுக்காடு, மற்றவரின் பங்கு எத்தனை விழுக்காடு என்று மருத்துவரிடமே சான்று பெற்று அனுப்பச் சொன்னது.

மங்கோலிய டாக்டருக்கு எழுதினார். அந்த அம்மாள் உள்ளதை உள்ளபடி பதில் போட்டாள்: "வயிற்றைத் திறந்து பார்த்தோம். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தைத்து மூடிவிட்டோம். உங்கள் மனைவி தனியாக இருக்கக் கூடாதே என்றுதான் விடியும்வரை நின்றேன். நீங்கள் எப்படிப் பிழைத்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை."

அத்தான் துள்ளிக் குதித்தார். "பாத்தியாட்டி! கைவிட்டுட்டாவ! நெசமாவே கைவிட்டுட்டாவ!"

"பைய பேசுங்க. அத டெல்லிக்கு அனுப்பிராதிய," என்று அக்கா கெஞ்சினாள்.

அன்று மத்தியானமே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். மறுமாதம் பென்ஷன் பாதியானது. போன வாரம் அவர் கண்மூடும்வரை பாதிதான். மாதம் பிறந்தால் பாங்கி வரிசையில் முன்னால் பின்னால் நிற்கிறவர்களிடமெல்லாம் பாஸ்புக்கை விரித்துக் காட்டுவார்.

"கவர்மெண்டே நம்புது வே. நீரு நம்ப மாட்டேங்கேரு."