டைரக்ட் லைன்

ஊர்க்காவலனுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வாசல் வரை போவார், திரும்பி வந்து ஆறிப்போன டீயைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். உள்ளே நிறைமாதமாக இருக்கிற மகள் ஓவியா லேசாக இருமினால் போதும், "என்ன தாயீ, வலிக்குதா?" என்று ஓடி வருவார்.

"இருமுனேன்ப்பா. இருமக்கூடவா கூடாது?" என்று அவள் சலித்துக்கொள்வாள்.

மனுஷனைச் சொல்லியும் குற்றமில்லை. தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வந்திருக்கிறாள். வீட்டில் தாய் இல்லை. ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவர் நம்பியிருப்பது தன்னுடைய வேனை. அந்த வேனோ இன்றைக்கு உயிரோடு இருந்தால் நாலு நாளில் செத்துக் கிடக்கிறது. சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"ஆம்புலன்சுக்குச் சொன்னா வரப்போகுது" என்று பக்கத்து வீட்டு வேலுத்தாய் சொன்னால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும் கோபம். பட்டாசுக் கம்பெனி வெடித்த அன்று, வந்த ஆம்புலன்ஸ் எல்லாம் நிறைந்துபோய், மிச்சம் கிடந்தவர்களை அள்ளிப்போட்டுக்கொண்டு சிவகாசிக்குப் பறந்தது இந்த வேன்தான். வருஷக்கணக்காக அதே பெண்களைக் காலையில் கம்பெனிக்கும் சாயங்காலம் வீட்டுக்கும் சுமந்த வண்டி. டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, "மெல்லப் போங்க, நாங்க என்ன மூட்டையா?" என்று தினமும் அவரை வைதவள் அவர் மனைவி தங்கத்தாய். அன்றைக்கு அவர் ஏற்றிக்கொண்டு போனவர்களில் அவள் இல்லை. அவள் இருந்த ரூமில் யாருமே மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு கம்பெனிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. யார் யாரோ வண்டியைக் கழுவிக் கொடுத்தார்கள். தெரு முக்கில் ரேஷன் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியவர், பின்பக்கக் கதவை அதோடு திறக்கவே இல்லை. எப்போதாவது முன்னால் ஏறி ஸ்டார்ட் செய்து பார்ப்பார். அப்படிப் பார்க்கும்போதுதான் இந்தச் சீக்கு தெரிந்தது. புது பேட்டரி மாட்டினார். அதுவும் நாலே நாளில் படுத்துவிட்டது. கழற்றிச் சார்ஜ் ஏற்றி மாட்டினால் மறுபடியும் நாலு நாள்தான்.

இது போதாதென்று ஓவியாவுக்கு ஒரு பழக்கம். அம்மாவின் நம்பருக்குத் தினமும் போன் போடுவாள். அதுதான் ஆச்சரியம், ரிங் போகும்! காணாமல்போன போன் அது. வெடிமருந்து புழங்குகிற இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், பெண்கள் எல்லாரும் வேனிலிருந்த பெட்டியில் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். வெடித்த அன்றைக்குக் கூட்டமும் கூப்பாடுமாக வந்து ஆளுக்கொன்றை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். எவளோ மாற்றி எடுத்துப் போய்விட்டாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஊர்க்காவலனும் ஊரையே ஏசித் தீர்த்தார்.

"எடுத்தவ பேசமாட்டா. நீ எதுக்குத் தாயீ கூப்பிட்டுக்கிட்டே இருக்க?" என்று அவர் கேட்டால், "ரிங்காவது போகுதுல்லப்பா" என்பாள். அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்வதும் அவள்தான். பிள்ளையைச் சுமந்துகொண்டு இப்படிக் கிடந்தால் எப்படி என்று, திட்டவும் முடியாமல் மறுபடியும் வாசலுக்குப் போய் நிற்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோ எலக்ட்ரீசியன் காதர் பாட்சாவை வம்படியாகக் கூட்டிவந்துவிட்டார். பாய் நிதானமான ஆள். சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி, மைனஸ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பைக் கோத்தார். சாவி போடவில்லை, கதவெல்லாம் அடைத்திருக்கிறது. பல்பு மங்கலாக எரிந்தது.

"பாத்தீகளா? வண்டி தூங்குது, எதுவோ ஒண்ணு மட்டும் முழிச்சுக் கெடக்கு. அதுதான் பேட்டரியக் குடிக்கிது."

"எதுன்னு சொல்லித் தொலைங்க பாய்!"

"பொறுங்கண்ணே. குடம் ஒழுகுனா எங்கன ஓட்டைன்னு தடவித்தான் பாக்கணும்."

ஒவ்வொரு பியூசாகப் பிடுங்கிப் பார்த்து, திரும்பச் செருகினார். பாட்டுப் பெட்டி, ஹாரன், உள் லைட்டு... எதைப் பிடுங்கினால் பல்பு அணைகிறதோ அதுதான் கள்ளன். ஊர்க்காவலன் பல்பையே முறைத்துக்கொண்டு நின்றார். கடைசி பியூசையும் பார்த்தாயிற்று. பல்பு அசையவில்லை.

"பியூஸ் பெட்டிக்குள்ள வராம பேட்டரியில இருந்து நேரா ஒரு லைன் போகுது. யாரு இழுத்தது?"

"என் வண்டியில என்னையத் தவிர எவனும் கை வச்சதில்ல பாய்."

"அப்ப நீங்கதான் இழுத்திருக்கீக" என்று சிரித்த பாய் மணியைப் பார்த்தார். "ஜும்மாவுக்கு நேரமாச்சு, தொழுதுட்டு ஓடி வந்துர்றேன். ஒயரத் தடவிக்கிட்டே போங்க, தெரிஞ்சிரும்."

பாய் வரும்வரை பொறுத்திருக்க ஊர்க்காவலனால் முடியுமா? பேட்டரிக்கடியில் கையை விட்டுத் துழாவினார். தடித்த ஒயர்களுக்கு நடுவே மெல்லிசாக ஒரு சிவப்பு ஒயர் தட்டுப்பட்டது. முனையில் சுற்றியிருந்த டேப்பைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரே சுற்றிய டேப்.

தங்கத்தாய் கேட்டு இழுத்த லைன் அது. 'பொட்டிக்குள்ள சும்மாதான கெடக்கு போனு? அதுபாட்டுக்குச் சார்ஜ் ஏறட்டுமே. சாயங்காலம் பிள்ளைககிட்டப் பேசவாவது ஆகும்' என்று நச்சரித்தாள். வண்டி ஆஃபில் இருந்தாலும் ஏற வேண்டும் என்பதால் சாவியோடு சேர்க்காமல் டைரக்டாக இழுத்து, பின்சீட்டுக்கு அடியில் ஒரு சார்ஜர் போர்டை மாட்டியிருந்தார். வண்டி தினமும் ஓடிய காலத்தில் அது குடித்தது தெரியவில்லை.

ஒயரைப் பிடுங்கினார். பல்பு பட்டென்று அணைந்தது.

"அட கிறுக்கா!" என்று தன்னையே திட்டிக்கொண்டு சிரித்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு. போர்டையும் கழற்றி எறிந்துவிடலாம் என்ற வேகத்தில் பின்பக்கக் கதவைத் திறந்தார். திறந்த பிறகுதான் அன்றைக்கு ஏற்றியவர்கள் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக்கடியில் துழாவினார். போன் போடுகிற பெட்டி காலிதான். ஆனால் போர்டிலிருந்து ஒரு சார்ஜர் ஒயர் மட்டும் பெட்டிக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த சந்துக்குள் இறங்கியிருந்தது. பிடித்து இழுத்தார். முனையில், ஓரம் தேய்ந்த பட்டன் போன் ஒன்று மாட்டிக்கொண்டு வந்தது.

தங்கத்தாயின் போன். சைலண்டில் கிடந்தது. இத்தனை நாளும் வண்டியின் பேட்டரி செத்துச் செத்து இதைத்தான் உயிரோடு வைத்திருந்தது. எவளோ எடுத்துப் போனாள் என்று ஒரு ஊரையே வாய்க்கு வந்தபடி ஏசினோமே என்று ஊர்க்காவலன் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்.

அழுதுகொண்டிருக்கும்போதே கையில் வெளிச்சம் வந்தது. 'பாப்பா' என்று காட்டியது. எப்போதும் அவள் கூப்பிடுகிற நேரமில்லை இது. பட்டனை அழுத்திக் காதில் வைத்தார்.

ரிங் போய்க்கொண்டிருப்பதாகவே நினைத்துப் பேசினாள் பிள்ளை. "யம்மா... வலிக்குதும்மா... வலி வந்துருச்சும்மா."

"தாயீ, அப்பா பேசுறேன். அம்மா போனு நம்ம வண்டியிலயேதான் இருந்துருக்கு. வேலுத்தாயக் கூட்டிக்கிட்டு வாசலுக்கு வா. இந்தா வந்துட்டேன்."

பல்பை எடுத்துவிட்டு மைனஸ் ஒயரைத் திரும்பப் பேட்டரியில் மாட்டி முறுக்கினார், ஏறி உட்கார்ந்தார், சாவியைத் திருகினார். ஒரே திருகில் வண்டி உறுமியது.

"கட் பண்ணிறாதீகப்பா" என்று போனில் ஓவியாவின் குரல் கேட்டது.

கட் பண்ணவில்லை அவர். போனை அப்படியே பின்னால், தங்கத்தாய் உட்காரும் சீட்டில் வைத்துவிட்டு, வண்டியை மெல்ல எடுத்தார்.