கொலுவில் ஏறிய பிளேடுகள்

“…குங்குமம் வச்சே, சரி. சந்தனம் வச்சே, அதுவும் சரி. நம்பரை ஏன் அண்ணாத்தே அழிச்சே?”

எங்கள் ஷெட்டின் மெஷின் அக்கா என்னைப் பார்த்து இப்படிக் கேட்டபோது சுற்றிலும் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் பின்னால் நடந்ததைச் சொன்னால் ருசிக்காது. கொஞ்சம் பொறுங்கள்.

வேலப்பன்சாவடி தாண்டிப் பூந்தமல்லி போகிற வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது ஷெட். தண்ணீர் டிரம், கார் பம்பர், பால் கிரேட், கால் போன நாற்காலி என்று ஊரில் உடைந்த பிளாஸ்டிக் எல்லாம் அங்கே வந்து சேரும். நடுவில் அரவை மெஷின். அதன் வயிற்றில் இரண்டு தண்டுகள் ஒன்றை நோக்கி ஒன்று சுற்றும். தண்டுக்குப் பதினாறு பிளேடு. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம், ஓரத்தில் கொக்கி மாதிரி பல். மேலே முழு டிரம்மைப் போட்டால் கீழே உள்ளங்கை அகலத் துண்டுகளாக உதிரும். மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் பிடித்ததை விடாது.

நான் அங்கே சூப்பர்வைசர். எடை போடுவதும் சீட்டு எழுதுவதும்தான் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மிச்சப் படிப்பெல்லாம் ஜனங்களின் வாயிலிருந்து வந்தது. யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எடைச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன். அப்படிச் சேர்ந்த சீட்டுகளில் பாதிக்கு மேல் அக்காவுடையவை. என்னைவிடப் பத்து வயது சின்னவர்தான். ஆனாலும் ஷெட்டில் எல்லோருக்கும் அவர் அக்கா.

பட்டாபிராமிலிருந்து பிளாஸ்டிக் தரம் பிரிக்கிற வேலைக்கு வந்தவர். மெஷின் மக்கர் செய்தால் அம்பத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் வருவார். டார்ச் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் அக்காவைக் கூப்பிடுவார். அக்கா டார்ச்சை மட்டுமா பிடித்தார்? ஒரு நாள் மெக்கானிக் உள்ளே குனிந்தபடி, “அந்த இருபத்திநாலு…” என்று கையை நீட்டினார். வாக்கியம் முடிவதற்குள் இருபத்திநாலாம் நம்பர் ஸ்பேனர் அவர் கையில் இருந்தது. அப்புறம் கிரீஸ் அடிப்பது, பெல்ட் இறுக்குவது என்று ஒவ்வொன்றாக அக்கா கைக்கு வந்தது. புடவைக்கு மேல் ஓர் ஆம்பளைச் சட்டையை மாட்டி, முந்தானையை உள்ளே செருகிக்கொண்டு நிற்பார்.

அவருடைய காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷெட்டின் அந்த மூலையில் பம்பர் பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒரு நாள் திடீரென்று, “நிறுத்து நைனா, அத்துக்குப் பல்லு வலிக்குது!” என்று கத்தினார். மெஷினில் சரக்குப் போடுகிறவர் சிரித்துக்கொண்டே நிறுத்தினார். திறந்து பார்த்தால் பம்பருக்குள் கட்டைவிரல் மொத்தத்தில் ஓர் இரும்பு போல்ட். இன்னும் இரண்டு சுற்று போயிருந்தால் ஒரு பிளேடு உடைந்திருக்கும். பக்கத்திலேயே நின்ற எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை.

பூட்டு விஷயம் அதைவிடப் பெரிசு. மெஷினுக்குள் கை விடுவதற்கு முன்னால் மெயின் ஸ்விட்சை இறக்கி அதில் ஒரு பூட்டுப் போடுவார். உதவிக்கு இன்னொருவர் கை விட்டால் அவரும் தன் பூட்டைப் பக்கத்தில் போட வேண்டும். “கை யாருதோ, பூட்டும் அவங்களுது” என்பது அக்காவின் சட்டம். சாவியைத் தாலிக்கயிற்றில் ஊக்குகளோடு சேர்த்து மாட்டிக்கொள்வார். ஒரு தடவை அவர் சாப்பிடப் போயிருந்தபோது முதலாளி அவசரமாகச் சாவியைக் கேட்டார். அக்கா ரசம் சாதத்திலிருந்து தலை தூக்காமல், “இத்த கயட்டணும்னா எங்க வூட்டுக்காரர் போய்ச் சேரணும் சார். அந்தாளு இப்பதான் ஆட்டோல சவாரி ஏத்திகினு கீறாரு” என்றார். முதலாளியே சிரித்துவிட்டார். சாவி மட்டும் வரவில்லை.

அந்த முதலாளிதான் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஒரு வழியாகச் சம்மதித்தார். மெஷினை முழுசாகப் பிரித்து, பிளேடுகளைச் சாணை பிடித்து, திரும்பக் கோக்கும் வேலையை முதல் தடவையாக அக்காவே செய்யலாம் என்றார். “இந்த ஒரு தடவைதான்மா. சரியா ஓடலைன்னா பழையபடி மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கறேன். நீ தரம் பிரிக்கிற மேஜைக்குப் போயிடணும்.”

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். சிரிப்பில்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன்.

சாணை பிடித்தால் பிளேடு தேயும். எல்லாம் ஒரே அளவாகத் தேயாது, ஒன்று மயிரிழை கூட, ஒன்று குறைய. கோக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் பிளேடுகளுக்கு நடுவில் இடைவெளி சரியாக விழ வேண்டும். கூடினால் பிளாஸ்டிக் நாராகச் சிக்கும், குறைந்தால் இரும்பும் இரும்பும் உரசும். பூஜைக்கு முந்தின நாள் முழுக்க அக்கா முப்பத்திரண்டையும் ஒவ்வொன்றாக அளந்து, எதற்குப் பக்கத்தில் எது என்று ஜோடி சேர்த்தார். சாக்பீஸால் நம்பர் போட்டுச் சாக்கின் மேல் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் அவர் வரவில்லை. வீட்டில் பூஜை, வீட்டுக்காரரின் ஆட்டோவுக்கும் பூஜை.

முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஷெட்டைப் பூஜைக்குத் துடைத்தது நான்தான். மெஷின் பிரிந்து கிடக்கிறது, எதற்குப் பொட்டு வைப்பது? பிளேடுகளைப் பார்த்தேன். சாணை பிடித்த பளபளப்பு, மேலே வெள்ளையாக ஏதோ கிறுக்கல். சாமிக்கு முன்னால் கிறுக்கலோடு வைக்கலாமா? மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றையும் அழுந்தத் துடைத்தேன். நாலு கிரேட்டைக் கவிழ்த்துப் படி கட்டி, மேலே வேட்டி விரித்து, முப்பத்திரண்டையும் கொலுவாக அடுக்கினேன். சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். பூஜைக்கு வந்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். பூஜை முடிந்ததும் பொட்டோடு அப்படியே சாக்கின் மேல் திரும்ப வைத்தேன். அவ்வளவு பெருமையாக நான் செய்த வேலை வேறு எதுவும் இல்லை.

விடுமுறை முடிந்து காலையில் வந்த அக்கா சாக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு பிளேடை எடுத்துத் திருப்பினார். அடுத்ததை எடுத்தார். அப்போதுதான் எனக்கு அந்தக் கிறுக்கல் என்னவென்று புரிந்தது.

முதலாளி வந்தார். “நம்பர் போட்டியா, இல்லையா?”

“போட்டேன் சார்.”

“போட்டா எங்கே?”

அக்கா கையிலிருந்த பிளேடைக் கீழே வைத்தார். யார் அழித்தது என்று கேட்கவில்லை. குங்குமத்தைப் பார்த்த உடனே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். ஷெட்டில் கட்டைவிரலால் பொட்டு வைக்கிறவன் நான் ஒருவன்தான்.

ஸ்விட்சில் பூட்டைப் போட்டுவிட்டு முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தார். ஒரு பிளேடைக் கோப்பது, இடைவெளியில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை விட்டுப் பார்ப்பது. ஓர் அட்டை போக வேண்டும், இரண்டாக மடித்தால் போகக்கூடாது. யார் பத்திரிகை என்று பிரிக்கிற மேஜையிலிருந்து ஒருத்தி கேட்டாள். “என்துதான். என் கல்யாணத்துல அளவா இருந்தது இது ஒண்ணுதாண்டி” என்றார். மேஜையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கோத்ததைக் கழற்றி, வேறொன்றைப் போட்டு, மறுபடி கழற்றி. தோள் வரை கை உள்ளே. மத்தியானம் மூன்று மணிக்கு ஆறு பிளேடுதான் உட்கார்ந்திருந்தது. வெளியே இரண்டு லோடு இறங்கிக் காத்திருந்தது.

முதலாளி போனை எடுத்தார். “போதும்மா. மெக்கானிக்கை வரச் சொல்றேன்.”

அக்கா கையை வெளியே எடுக்கவே இல்லை. அந்த முதுகைப் பார்த்தேன். ஒரு டார்ச்சில் ஆரம்பித்து இத்தனை தூரம் வந்த முதுகு. எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: “சார், அக்கா நம்பர் போட்டுதான் வச்சிருந்துச்சி. பூஜைக்குன்னு நான்தான் எல்லாத்தையும் தொடைச்சுட்டேன். கொலு வச்சதும் நான்தான்.”

முதலாளி என்னைப் பார்த்தார், கவிழ்ந்து கிடந்த கிரேட்டுகளைப் பார்த்தார். “காலையிலேர்ந்து இதை வாயில வச்சுக்கிட்டா எடை போட்டுக்கிட்டு இருந்தீங்க?” என்றார். பிறகு போனைப் பைக்குள் போட்டார். “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்மா. அதுக்கு மேல முடியாது.”

மறுநாள் நாலு மணிக்கு மெஷின் ஓடியது, அன்றிலிருந்து அதைத் திறக்க வெளியாள் வந்ததில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மனசில் நிற்பது அது இல்லை. முதலாளி நகர்ந்ததும் அக்கா கையை வெளியே எடுத்து, கிரீஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி.

“அழுக்குன்னு நெனச்சேன்மா” என்றேன்.

“எழுத்து உனக்கு அழுக்கா? சீட்டுக்குப் பின்னாடி எல்லாம் நீதானே எழுதிகினு கீறே!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா டூல் பெட்டியின் அடியில் துழாவி, இன்னொரு பூட்டை எடுத்தார். மெயின் ஸ்விட்சில் தன் பூட்டுக்குப் பக்கத்தில் அதை மாட்டி அமுக்கினார். இழுத்துப் பார்த்தார். அதன் சாவியை என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மெஷினின் மறுபக்கம் எனக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.