வளைகாப்புக்கு வந்த செய்தித்தாள் பொட்டலம்

எங்கள் அண்ணிக்கு மூன்று வருடமாகப் பூமியின் மேல் திடீர்ப் பாசம். பரிசு சுற்றும் பளபளத் தாளைக் கண்டாலே முகம் சுளிப்பார். துணியில் முடியலாம், வாழைநாரில் கட்டலாம் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் தினமும் உபதேசம். அந்தத் துணியை ஆன்லைனில் வாங்கினார். அது மூன்று சுற்றுப் பிளாஸ்டிக்கில் பொதிந்து வந்தது. ரப்பர்த் தோட்டத்து வீட்டில் அம்மா பழைய பரிசுத்தாளைக் கிழியாமல் பிரித்து மெத்தைக்கடியில் வைத்தபோது, கஞ்சத்தனம் என்று சிரித்ததும் இதே மகராசிதான்.

போன மாதம் குனோங் ராபாட்டில் என் தங்கைக்கு வளைகாப்பு. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக ஏழாம் மாதம்வரை தங்கிய பிள்ளை. பல்லி கத்தினால்கூடப் பயந்துவிடுவாள். அவள் மனம் கலங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அன்று என் வேலை.

அண்ணி கேட்டிலேயே சேலைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். தமிழ்ச் செய்தித்தாளில் சுற்றி, வாழைநாரில் கட்டியிருந்தார். "வெளக்கு, பூவெல்லாம் இருக்குற பக்கமா தேடி எடுத்தேன்லா. கோயில் விசேஷம் போல" என்றார் பெருமையாக. விளக்குக்குக் கீழே கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. அண்ணி மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழில் ஓர் எழுத்து தெரியாது. தெரியாததில் வெட்கமும் கிடையாது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் மூக்கு உடையட்டும் என்று, சீர்த்தட்டுகளோடு கொண்டுபோய் வைத்தேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

வளையல் போட்டு முடிந்ததும் தங்கை முதலில் அதைத்தான் மடியில் எடுத்து வைத்தாள். நாரை அவிழ்த்தாள். மடிப்பு விரிந்து, மாலை போட்ட ஒருவரின் படம் வெளியே வந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்தவள்; முப்பத்தோராம் நாள் நினைவு என்பதுவரை வாசித்துவிட்டாள். அவள் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். என்ன ஆயிற்று என்று அண்ணி ஒவ்வொருவராகக் கேட்டார். யாரோ காதில் சொன்னதும் அழத் தொடங்கினார். நான் ஆசைப்பட்ட காட்சிதான், ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை.

தங்கை இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். வாசலுக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. கேட்டுல நீதானேக்கா வாங்குன?"

எழுந்திருக்கட்டும் என்று கையை நீட்டினேன். அவள் அண்ணியின் கையைப் பிடித்து எழுந்தாள்.