வெள்ளையாக விடப்பட்ட நிலம்

ஒரு ஊருக்கு நிலத்திட்டம் போட்டால் அதில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆறுதலுக்காகப் படிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

அவர் மலாக்கா நகராட்சி ஆபீசில் வரைபடம் வரைகிறவர். வெள்ளைக்காரன் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஜப்பான்காரன் வந்த பிறகும் அதே மேசை, அதே அளவுகோல். நாங்கள் காஜா பேராங்கில், செட்டிகள் குடியிருப்பை ஒட்டிய ஒரு தகரக் கூரை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து தங்கிவிட்டவர்கள். அக்கம்பக்கத்துச் செட்டிப் பெண்கள் எங்களைப் போலவே விபூதி பூசுவார்கள், பொங்கல் வைப்பார்கள், பேச்சு மட்டும் மலாய். எனக்கு அரைகுறை மலாய், அவர்களுக்கு நாலைந்து தமிழ் வார்த்தை. அதை வைத்துக்கொண்டே சண்டையும் போடுவோம், சமாதானமும் ஆவோம்.

ஜப்பான்காரன் வந்த முதல் வருஷமே என் மகன் காய்ச்சலில் போனான். மருந்து இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்ததெல்லாம் சிப்பாய்களுக்கு. இரண்டு வயது முடியாத பிள்ளை, மார்பில் கிடந்தபடியே சூடு தணிந்தான். காய்ச்சல் விட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

சின்னப் பிள்ளைகளை நாங்கள் எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். செட்டிகளும் அப்படித்தான். அப்பன்தான் கையில் தூக்கிக்கொண்டு போவான். பெற்றவள் வாசலோடு நின்றுவிட வேண்டும். குழி மூடியதும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். கல் நடுவதில்லை, மேடு கட்டுவதில்லை. அடையாளம் வைத்தால் பிள்ளை போக மனமில்லாமல் அங்கேயே சுற்றும் என்பார்கள். பால் ஊற்றப் பால் கிடைக்காமல், தேங்காய்ப் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தார் அவர். எந்த இடம், எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. அந்த நிலத்தின் பெயரைக்கூட உயிரோடு பிள்ளை இருக்கிற வீட்டில் சொல்லமாட்டார்கள். "அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். எனக்கு ஒரு மகளும் இருந்தாள், அவனுக்கு மூத்தவள்.

அடுத்த வருஷம் அவருடைய ஆபீசுக்குப் புது உத்தரவு வந்தது. ஊர் முழுவதற்கும் ஒரே படம் போட வேண்டும். எந்த நிலம் எதற்கு என்று நிறம் தீட்ட வேண்டும். ஆபீசில் பாதி அறைகளை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டதால் படத்தின் நகலை வீட்டில் வைத்துத் தீட்ட அனுமதி கிடைத்தது. எங்கள் வீட்டுத் தரையில் மலாக்கா விரிந்து கிடந்தது. பண்டார் ஹிலிரும் கடற்கரையும் வாசல் பக்கம், செமாபோக்கின் சேற்று நிலம் அடுப்பங்கரைப் பக்கம், புக்கிட் காதிலின் ரப்பர்க் காடு என் பாயின் மேல். மகளை அதன்மேல் நடக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே எனக்கு வேலை.

நிற மைகள் தீர்ந்துவிட்டன. குடியிருக்கும் வீடுகளுக்கு என் மஞ்சளை உரைத்துக் கொடுத்தேன். ஆற்றுக்குத் துணிக்குப் போடும் நீலம். கடைவீதிக்கு வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் மென்று அவரே ஒரு சிவப்புத் தயாரித்தார். அதைப் பார்த்து நான் சிரித்தேன். பிள்ளை போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான்.

அந்த மனுஷனுக்கு அந்தப் படத்தின்மேல் பைத்தியம். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு கால் வீங்கிக் கிடக்கிறது, இவர் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஊரைச் சீர்திருத்துவார்.

"மொதல்ல தண்ணி எங்க வரும், எங்க போகும்னு பாக்கணும். மொதல்ல சாக்கடை, லோங்காங் போட்டுட்டுத்தான் வீடு. வீட்ட கட்டிப்புட்டு லோங்காங்க தேடக் கூடாது. ஆடு வெட்டுற எடம் காத்து அடிக்காத பக்கம் இருக்கணும். பசார்ல காய் விக்கிற பொம்பளைங்க உக்கார நெழல் வேணும். மாடு மேய ஒரு எடம். கல்யாணப் பந்தல் போட ஒரு எடம். வெள்ளம் வந்தா ஓடி ஏற மேடான எடம் ஒண்ணு சும்மாவே கெடக்கணும்."

"அரிசிக்கு எந்த எடங்க?" என்பேன்.

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுனானாம்."

கோபப்படமாட்டார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "செத்தவங்களுக்கும் ஒரு எடம் வேணும் புள்ள. அதுக்குப் போக ஒரு சடக்கும் வேணும். அது இல்லாத திட்டம் திட்டமே இல்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் படத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னங்க. அவன் எங்க இருக்கான்?"

அவர் தூங்குகிற மகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு விரலை நகர்த்திக்கொண்டே போய் எங்கள் தெருவின் கடைசியைத் தாண்டி, சின்ன ஓடை வளையும் இடத்தில் நிறுத்தினார். "இந்த வளைவுக்கு உள் பக்கம். ஒரு புன்னை மரம் இருக்கு, அதுக்குக் கெழக்கால." நானும் அங்கே விரலை வைத்தேன். என் பிள்ளைக்கு எனக்குத் தெரிந்த சமாதி அந்தக் காகிதம்தான். அதற்குப் பிறகு அவர் ஆபீசுக்குப் போனதும் தினமும் படத்தைப் பிரித்து, அந்த வளைவில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அழுவதற்கு ஒரு இடம் கிடைத்தது என்று நினைத்தேன்.

பிறகு நிலங்களை விசாரிக்க ஒரு ஆளை அனுப்பினார்கள். தெருத் தெருவாகப் போய், இது யாருடைய நிலம், இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டுக் கொண்டுவர வேண்டியது அவன் வேலை. எங்கள் பகுதிப் பெரியவர்களைக் கோயில் வாசலில் கூட்டிவைத்துக் கேட்டான். ஓடைக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டபோது எல்லாரும் ஒரே குரலில், "கோசோங்" என்றார்கள். காலி.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, கெட்டவர்களாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். வெள்ளைக்காரன் காலம் முழுக்க அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். மாடு இருக்கிறது என்றால் வரி வரும், கிணறு இருக்கிறது என்றால் சுகாதாரக்காரன் வந்து மூடுவான், அனுமதி வாங்காத இடுகாடு இருக்கிறது என்றால் அதையும் மூடுவான். ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமானால் அது இல்லை என்று சொல்ல வேண்டும். அத்தோடு அந்த இடத்தைப் பற்றி வாயைத் திறந்து பேசுகிற வழக்கமும் இல்லை. ஆனால் இந்தத் திட்டத்தில் காலி என்றால் வேறு அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏதாவது ஒன்று இருக்கிற நிலத்தை விட்டுவிடுவார்கள், ஒன்றும் இல்லாத நிலத்தைப் படத்தில் வெள்ளையாக விட்டு, அதை மரவள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

விசாரணை முடிந்து அந்தப் பட்டியல் அவருடைய மேசைக்கு வந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றார். விஷயத்தைச் சொன்னார். "நீங்கதானே நெறம் போடுறீங்க. போடுங்க" என்றேன். அடுப்புக் கரியைக் குழைத்துக் கொடுத்தேன். ஓடை வளைவுக்குள் சாம்பல் நிறமாகத் தீட்டி, மறுநாள் ஆபீசிலிருந்த ஜப்பான் அதிகாரியிடம் எடுத்துப் போனார்.

அந்த அதிகாரி கத்தவில்லை என்று சொன்னார். இவரையே கூட்டிக்கொண்டு சைக்கிளில் வந்து இடத்தைப் பார்த்திருக்கிறான். இடுப்பளவு லாலாங் புல், காட்டுச் சேம்பு, அந்தப் புன்னை. கல் இல்லை, வேலி இல்லை, போக ஒரு தடம்கூட இல்லை. சீனர்களின் குன்றில் கல்லறைகள் கண்ணுக்குத் தெரிகின்றன, அதனால் அதை விட்டேன், இங்கே புல்தான் தெரிகிறது என்றானாம். உன் ஊர்க்காரர்களே காலி என்று சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் பொய்யா, நீ பொய்யா என்று கேட்டானாம். இவர் பதில் சொல்லாமல் நின்றதற்குக் கன்னத்தில் ஒரு அறை.

சாயங்காலம் அவர் பெரியவர்களிடம் போனார். வீங்கிய கன்னத்தோடு கெஞ்சியிருக்கிறார். ஒருவர் மட்டும் வாசல் வரை வந்து சொன்னாராம், "தம்பி, எனக்கும் ரெண்டு பேத்தி அங்க இருக்கு. ஆனா இப்ப மாத்திச் சொன்னா, மொத சொன்னது பொய்யுன்னு ஆயிரும். ஜப்பான்காரன்கிட்ட பொய் சொன்னவன் தல எங்க கெடக்கும்னு தெரியும்ல? உயிரோட இருக்கறவங்கள பாரு." அந்தப் பெரியவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

இவர் வீட்டுக்கு வந்து படத்தை விரித்தார். ஈரத்துணியை எடுத்து அந்தச் சாம்பலைத் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "தொடைக்காதீங்க" என்று சொல்ல வாய் வந்தது, மூலையில் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்த மகளைப் பார்த்ததும் வாய் அடைத்துவிட்டது. போனவர்கள் திரும்பி வராத சயாமுக்கு அவரையும் தண்டவாளம் போட அனுப்பிவிட்டால் அவளை நான் எதைக் கொண்டு காப்பாற்றுவேன்? காகிதம் அந்த இடத்தில் மட்டும் நைந்து, வெள்ளையாகிவிட்டது. படத்தை ஆபீசில் ஒப்படைத்தார், அது அங்கேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் வாயைத் திறந்ததில்லை.

மழை வருவதற்கு முன்னால் நிலத்தைக் கொத்த ஆள் கேட்டார்கள். ஆண்கள் பலபேர் ஏற்கெனவே வேறு வேலைக்குப் பிடித்துப் போகப்பட்டிருந்ததால் வீட்டுக்கு ஒரு பெண் வர வேண்டும் என்று உத்தரவு. ஆயுசு முழுக்கப் போகக் கூடாது என்று வாசலில் நிறுத்திவைத்த பெண்களை, கையில் மண்வெட்டியைக் கொடுத்து அங்கே அனுப்பினார்கள். பெற்றவள் பிள்ளையின் குழிக்குப் போக ஒரு ஜப்பான்காரன் உத்தரவு போட வேண்டியிருந்தது.

புன்னை மரத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குக் கிழக்கே இருந்த வரிசையை நானே போய் எடுத்துக்கொண்டேன். மற்ற பெண்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை, அவர்களுடைய பிள்ளைகள் எங்கே என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. பக்கத்து வரிசையில் இருந்த செட்டி வீட்டுக்காரிக்கு மூன்று பிள்ளைகள் அந்த மண்ணில். எந்தப் பக்கம் என்று தெரியாமல், வெட்டுகிற ஒவ்வொரு வெட்டுக்கும் "பெலான், பெலான்" என்று தன் கைக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். மெதுவாக, மெதுவாக. நாங்கள் எல்லாரும் மண்ணை மேலாகச் சுரண்டினோம். ஒருத்தியும் அழவில்லை, அழுதால் காவலுக்கு நின்றவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும். அவன் வந்து குச்சியால் அளந்து, இன்னும் ஆழம், இன்னும் ஆழம் என்று விரட்டினான். வெட்டினேன். மண் கறுப்பாக, மிருதுவாக இருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். பிறகு மரவள்ளிக் குச்சியை நட்டு மூடினேன்.

மற்ற நிலங்களில் மரவள்ளி சோனியாக வந்தது. அங்கே நன்றாக வந்தது. கிழங்கு பறித்தபோது தெருவுக்கென்று கொஞ்சம் பங்கு கொடுத்தார்கள். அவர் கூடையை அடுப்படியில் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. தோல் உரித்தேன், உப்பில்லாமல் வேகவைத்தேன். மகள் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தாள், ஊதி ஊதித் தின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ மாதமாயிற்று.

"அம்மா, இன்னும் இருக்கா?" என்றாள்.

இருந்தது. போட்டேன்.