சிவப்புத் துவாய்க்காரர்

கீரிக் கடற்கரைக்கு விடுமுறையில் போனபோது என் திட்டம் ஒன்றுதான்: வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு மிதப்பது. இந்த வயதில், இந்த உடம்புக்கு, மிதக்க முயற்சியே தேவையில்லை.

அப்படி மிதந்தபோது கரையில் ஒரு மனிதர் சிவப்புத் துவாயை வீசிக்கொண்டு நின்றார். எலும்பும் தோலுமாக, உப்பில் கறுத்த உடம்பு. என்ன அன்பான ஊர் என்று நானும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன்.

அவர் வீசியது கரையில் இரண்டு பக்கமும் நின்று கரைவலை இழுப்பவர்களுக்கு. வலையோடு நீந்தி வருபவர் கடலில் கையைத் தூக்கினால் இழுப்பதை நிறுத்தவேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். என் கையைக் கண்டு ஒரு பக்கத்தார் நிறுத்த, மற்றப் பக்கத்தார் இழுக்க, வலை கோணி, வளைத்த மீனெல்லாம் ஓடிவிட்டது.

நான் கரையேறியதும் துவாய்க்காரர் முன்னால் வந்து நின்றார்.

“ஆரைக் கேட்டுக் கையைத் தூக்கினனீர்?”

“நீங்கள் எனக்குக் காட்டுறியள் எண்டு நினைச்சன், அண்ணை. மரியாதைக்கு நானும் காட்டினனான்.”

“உம்மட மரியாதையாலை இண்டைக்கு எங்கட வீடுகளிலை வெறும் சட்டிதான்.”

“நானும் வந்து இழுக்கட்டோ?”

“அந்தக் கையாலை கயித்தைத் தொட்டுப் பாரும்.”

மறுநாள் வலை கரைக்கு வரும்வரை கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு மணலில் இருந்தேன். வலை நிறைய மீன். அவர் என் பக்கம் திரும்பித் துவாயை ஒருமுறை வீசினார். அங்கே வேறு யாரும் இல்லை, எனக்குத்தான். வா என்றாரா, எழும்பிப் போ என்றாரா?

போ என்றுதான் இருக்கும் என்கிறாள் மனைவி. கையைக் காட்டிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.