சின்னம்மாவின் குரலில் கைவைக்காதேங்கோ

கலிஸ்ரா படம் எடுக்கப் பழகியது கலியாண வீடுகளில். முல்லைத்தீவில் ஒரு ஸ்ரூடியோவுக்காக மணவறையையும் பந்தியையும் வீடியோ எடுத்துக்கொண்டே குறும்படங்கள் எழுதி இயக்கினாள். பிறகு ஒரு முழுநீளப் படம் எழுதினாள். புருஷன் படுக்கையில் விழுந்தபின் அவனுடைய வள்ளத்தைத் தானே கடலில் இறக்கும் ஒரு பெண்ணின் கதை.

கொழும்புத் தயாரிப்பாளர் யோகநாதனுக்குக் கதை பிடித்திருந்தது. பேச்சைத்தான் மாற்றச் சொன்னார். சென்னைத் தமிழில் எழுதினால் இந்தியாவிலும் ஓடும், கதாநாயகியையும் அங்கிருந்தே கூப்பிடலாம் என்றார்.

“ஏலாதண்ணை,” என்றாள் கலிஸ்ரா. “இந்தக் கரை மனுசி இப்பிடித்தான் கதைப்பா.”

அவர் படத்தைக் கைவிட்டுவிட்டார். கலிஸ்ரா கலியாண வீட்டுக் கமராவோடு கடற்கரைக்குப் போனாள். கருவாடு போடும் தன் சின்னம்மா யூலிற்றாவையே கதாநாயகியாக்கினாள். யூலிற்றாவுக்கு வசனம் பாடமாகவில்லை. காட்சியைச் சொன்னால் வாய்க்கு வந்தபடி பேசினாள். கலிஸ்ரா அப்படியே எடுத்தாள்.

மீன் ஏலம் போடும் கொட்டகையில் திரை கட்டி முதற்காட்சி. யூலிற்றா திரையில் வாய் திறந்ததும் சனம் சிரித்தது. புருஷனின் கட்டிலருகே அழுதபோதும் சிரித்தது. அவர்கள் பார்த்த படங்களில் அந்தப் பேச்சு பகிடிக்கு மட்டுந்தான் வந்திருந்தது. முன்வரிசையில் யூலிற்றா தலையைக் குனிந்துகொண்டாள். அதைக் கண்டதும் கலிஸ்ரா படத்தை நிறுத்திவிட்டுத் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

“இதில பகிடி ஒண்டும் இல்லை. நீங்கள் வீட்டில கதைக்கிறதைத்தான் சின்னம்மாவும் கதைக்கிறா. திரும்ப முதல்ல இருந்து போடுறன். சிரிக்கிற ஆக்கள் வெளியில போய்ச் சிரிச்சுப்போட்டு வாங்கோ.”

சிலர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். படம் மறுபடி ஓடியது. வள்ளம் தள்ள வராத ஆண்களைத் திரையில் யூலிற்றா ஏசியபோது, நாற்பது வருடம் கடலுக்குப் போன யாகப்பு, “அவா கேக்கிறது ஞாயந்தானே,” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அதன்பின் பளை, பூநகரி, ஒட்டுசுட்டான் என்று ஊரூராகக் கலிஸ்ரா படத்தைக் கொண்டு திரிந்தாள். சனம் சேர்வதைக் கேள்விப்பட்டு யோகநாதன் தொலைபேசி எடுத்தார். இந்தியாவுக்குத் தானே கொண்டுபோவதாகவும், யூலிற்றாவுக்கு மட்டும் வேறு குரல் போடலாம் என்றும் சொன்னார்.

“விளங்காத ஆக்களுக்குக் கீழ எழுத்துப் போடுங்கோ அண்ணை. சின்னம்மாவின்ர குரலில கைவைக்காதேங்கோ.”

யோசித்துச் சொல்வதாக அவர் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. கலிஸ்ரா அடுத்த படத்தின் வசனத்தை எழுதத் தொடங்கிவிட்டாள். அதிலும் யூலிற்றாதான்.