தோல் ஜாக்கெற்றின் இடக்கை

"கையைத் தூக்குங்கோ. இன்னும். பூசைத்தட்டு ஏந்திற மாதிரி." வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி யோகமலர் அன்ரி இதைச் சொல்லும்போது பாதிச் சொல்தான் வெளியே வரும். டோர்செட் பார்க் அடுக்குமாடியில் அவரிடம் சாறிச் சட்டை தைக்க வருகிற பெண்களுக்கு அது பழகிவிட்டது. ஊசியை எடுத்துவிட்டுப் பேசுங்கோ என்று எவரும் கேட்பதில்லை. கேட்டவருடைய சட்டை இரண்டு கிழமை பிந்தும்.

அளவுநாடா கழுத்தில் மாலைபோல் தொங்குவது சும்மா ஒரு மரியாதைக்கு. அளப்பதெல்லாம் கண்தான். "போன முறையைவிட ஒரு சுத்து வைச்சிட்டியள்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். வானொலியில் செய்தி வாசிப்பவரோடு வாதாடிக்கொண்டே மெசினை மிதிப்பார். தைத்தது பிடிக்காவிட்டால் ஒரு யோசனையும் இல்லை, பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பார். "துணி கோவிக்காது" என்பார். இந்தக் குளிர்காலம் வரைக்கும் அவருடைய தொழில் முழுக்க அந்தத் துணிச்சலில்தான் ஓடியது.

இலையுதிர் காலத்தில் மகள் நிலக்சி மோட்டார் சைக்கிளில் போய், மழை ஈரத்தில் சறுக்கி விழுந்தாள். இடக்கை முறிந்தது. அம்புலன்ஸ்காரர்கள் அவளுடைய தோல் ஜாக்கெற்றின் இடக்கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை வெட்டித்தான் கழற்றினார்கள். அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்தே தாய்க்கும் மகளுக்கும் ஒத்துவரவில்லை. கணவர் இராசரத்தினம் கார் மாற்றும்போதெல்லாம் ஆபத்து வராமல் இருக்கச் சில்லுக்கடியில் தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், வைத்து ஏற்றி ஓடவைக்கிற அன்ரி, இதற்குக் கிட்டவும் போகவில்லை. "உந்தச் சனியனுக்கு நான் தேசிக்காய் வைக்கிறதோ? வைச்சா நானே ஓடு எண்டு சொன்ன மாதிரியெல்லோ!"

கை பொருந்தியதும் நிலக்சி சொன்னாள்: "ஸ்பிரிங் வந்தா நான் திரும்ப ஓடுவன், அம்மா. ஐ'ம் நொட் ஆஸ்கிங்."

அன்ரி ஆஸ்பத்திரிப் பையில் சுருண்டு கிடந்த ஜாக்கெற்றை எடுத்து மடியில் விரித்தார். முழங்கை இருந்த இடத்தில் தோல் உரிந்து வெளுத்திருந்தது. அதற்குள் இருந்த கையில் எலும்பு முறிந்ததே தவிர ஒரு கீறல்கூட இல்லை. அந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். மறித்தாலும் பிள்ளை ஓடத்தான் போகிறாள். இனியொரு முறை விழுந்தால் றோட்டுக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கப்போவது இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமையில் முட்டை வாசம்கூடப் பிடிக்காத மனுசி, மாட்டுத்தோல் தைக்கப் பழகப் போனார். நூலகத்தில் ஒரு வகுப்பு நடந்தது. படிப்பித்தவள் குதிரைச் சேணம் தைக்கிற வெள்ளைக்காரப் பெண். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோக்க வேண்டும். வெட்டு விளிம்புகளை ஒன்றோடொன்று முட்டவைத்து, அடியில் ஒரு தோல்பட்டி கொடுத்து, குத்தூசியால் ஓட்டை போட்டு, குறுக்கும் மறுக்குமாக இழுக்க வேண்டும். வெளியே தெரிகிற தையல். வடிவாகவும் இருக்க வேண்டும், பிடிக்கவும் வேண்டும். பார்த்தால் நம் மீன்முள் தையலேதான். எத்தனை சட்டைக் கழுத்தில் போட்ட கை! அன்ரிக்குத் தெம்பு வந்துவிட்டது.

தெம்புதான் வினையாயிற்று. வீட்டில் ஜாக்கெற்றை விரித்தவர், பழக்கதோசத்தில் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துத் தோள்பக்கத்தில் வரிசையாகக் குத்திவிட்டார். துணியென்றால் ஊசியை உருவினால் தடம் மறைந்துவிடும். தோலில் விழுந்த ஓட்டை ஓட்டைதான். "ஐயோ, நாசமறுப்பு! பிள்ளையின்ரை தோளிலை குத்திப்போட்டனே!" என்று தலையில் கை வைத்தார். அன்றைக்கு வானொலிகூடப் பாடவில்லை.

ஆனால் விட்டுவிடுகிற ஆளா அவர்? அடியில் கொடுத்த தோல்பட்டியைத் தோளில் அந்த ஓட்டைகளுக்கு அடியிலும் வரும்படி நீட்டினார். ஒவ்வோர் ஓட்டையிலும் மெழுகுநூலால் ஒரு சின்ன முடிச்சுப் போட்டு அடக்கினார். மணிக்கட்டிலிருந்து ஏறி வருகிற மீன்முள், தோளில் மொட்டு விட்டதுபோல் ஆகிவிட்டது. அப்படியொரு வடிவு!

வடிவு மட்டும் போதுமா? "இஞ்சரப்பா, உந்த ஜாக்கெற் கையைப் பிடிச்சு இழுங்கோ." இராசரத்தினம் பக்குவமாக இழுத்தார். "சோறு திண்டனியள்தானே? இழுங்கோ!" அவர் காலை ஊன்றி இழுத்த இழுப்பில் பிடி வழுவிச் சோபாவில் போய் விழுந்தார். தையல் அசையவில்லை.

பனி கரைந்த பிறகு ஒரு ஞாயிறு, நிலக்சி அதைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள்.

"ஓ மை கோட், அம்மா... தோளிலை இதெல்லாம் என்ன?"

"ஃபஷன். ஆடாமல் நில்லு. கையைத் தூக்கு."

அன்று அவர் வாயில் ஊசி இல்லை. சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. வண்டி ஓட்டுகிறமாதிரி கையை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், தையல் வழியே பெருவிரலை அழுத்தி மணிக்கட்டிலிருந்து தோள்வரை போனார். பிறகு குசினிக்குள் போய்ப் பிரிட்ஜைத் திறந்து மூடினார். கோட்டை மாட்டிக்கொண்டு லிப்டுக்கு நடந்தார். மகள் பின்னால் ஓடினாள்.

நிலக்கீழ்த் தரிப்பிடத்தில், மோட்டார் சைக்கிளை மூடியிருந்த சீலையை அவரே உருவி எறிந்தார். சீற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நோகக் குனிந்து, முன்சில்லுக்கு ஒரு தேசிக்காயும் பின்சில்லுக்கு ஒரு தேசிக்காயும் வைத்தார்.